சென்னை – சான்பிரான்சிஸ்கோ: 13,915 கி.மீ. சரி, அம்மாவுக்கு எத்தனை மணி நேரம்?

மணிக்கூண்டு | 20 ஜூன், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டை. தங்கை ஃப்ரீமாண்டில் இருக்கிறாள், சான்பிரான்சிஸ்கோ பக்கம். ஆகஸ்டில் அவளுக்குப் பிரசவம். அம்மா ஜூலை நடுவில் கிளம்புகிறார், தனியாக. வயது 63. வீட்டு வாசலில் பூ கட்டி விற்பவர். அவர் இதுவரை போன நீளமான பயணம் ரயிலில் வேளாங்கண்ணிதான்.

எனக்குக் கணக்கு இடிக்கிறது. இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரம் காட்டும் ஒரு தளத்தில் பார்த்தேன். சென்னை – சான்பிரான்சிஸ்கோ 13,915 கி.மீ., பறக்கும் நேரம் 16 மணி 52 நிமிடம் என்று வந்தது. டிக்கெட்டில் துபாய் வழி. புதன் அதிகாலை 3:40-க்குக் கிளம்பி, அதே புதன் மதியம் 1:40-க்கு இறங்குகிறது. கழித்துப் பார்த்தால் 10 மணி நேரம்! முகவர் 22 மணி 30 நிமிடம் என்கிறார். அக்டோபரில் திரும்பி வரும்போது வியாழன் பிற்பகல் 3:40-க்குக் கிளம்பி சனிக்கிழமை அதிகாலை 3:15-க்கு வருகிறார். அது 35 மணி நேரத்துக்கு மேல்.

ஒரே பாதைக்கு நாலு கணக்கு. எது உண்மை?

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காலை ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை, இரண்டும் ஒன்றேதான். "எத்தனை வேளை சாப்பாடு, எத்தனை வேளை மாத்திரைன்னு மட்டும் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறார். அதற்குத்தான் பதில் தெரியவில்லை.

விம்கோ விஜி | 20 ஜூன், இரவு 9:40

தம்பி, முகவர் சொன்னதுதான் சரி. டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தைத்தான் போடுவார்கள். ஜூலையில் சான்பிரான்சிஸ்கோ நம்மைவிட 12 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கும். அதனால் போகும்போது கடிகார வித்தியாசத்தோடு 12:30-ஐக் கூட்டுங்கள். 10 + 12:30 = 22:30. வரும்போது கழியுங்கள். 35:35-இல் 12:30 போனால் 23:05. இரண்டு பக்கமும் அரை மணி நேரம்தான் வித்தியாசம், பார்த்தீர்களா.

துண்டு துண்டாகச் சரிபார்க்கலாம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அம்மா துபாயில் எத்தனை மணிக்கு இறங்குகிறார், எத்தனை மணிக்கு மறுபடி ஏறுகிறார் என்று போடுங்கள்.

ஒன்று கவனம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அப்புறம் வித்தியாசம் 13:30 ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 12:30. அம்மாவின் திரும்பும் தேதி தள்ளிப்போனால் இதை மறக்காதீர்கள்.

மணிக்கூண்டு | 20 ஜூன், இரவு 9:58

நன்றி அக்கா. துபாயில் காலை 6:30-க்கு இறங்கி 8:50-க்கு ஏறுகிறார். அப்படியென்றால் சென்னை – துபாய் 4:20, காத்திருப்பு 2:20, துபாய் – சான்பிரான்சிஸ்கோ 15:50. கூட்டினால் 22:30. சரியாக வருகிறது! மூன்று நாளாக இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்ணூர் அலை | 20 ஜூன், இரவு 10:15

எனக்கு வேறு ஒரு சந்தேகம். உலகப்படத்தில் சென்னைக்குக் கிழக்கே போனால் சிங்கப்பூர், ஜப்பான், பசிபிக், அப்புறம் கலிபோர்னியா. நேராகக் கிழக்கே போகாமல் எதற்கு மேற்கே துபாய்க்குப் போய்ச் சுற்ற வேண்டும்? இன்னொன்று, பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வரும், சீக்கிரம் சேரலாம் என்று படித்தேன். அதனால்தான் துபாய் வழியா?

வியாசை வாத்தியார் | 20 ஜூன், இரவு 11:02

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். பூமி சுற்றுவதால் மேற்கே போகிற விமானத்துக்கு அப்படி ஒரு லாபமும் கிடையாது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் கொருக்குப்பேட்டை தாண்டி வண்டி ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் பாருங்கள். உங்கள் கையிலேயே வந்து விழும். பின்சீட்டுக்காரர் மடியில் விழாது. விமானமும் அப்படித்தான். உண்மையில் நடப்பது நீங்கள் சொன்னதற்கு நேர்மாறு. ஹாங்காங்கிலிருந்து கிழக்கே சான்பிரான்சிஸ்கோ போகச் சுமார் 13 மணி நேரம், அங்கிருந்து மேற்கே திரும்பச் சுமார் 15. காரணம் மேலே வீசும் காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, ஆற்று வெள்ளம் போல ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் போகும். அதில் ஏறிக்கொண்டால் லாபம், எதிர்த்தால் நட்டம்.

இனி முதல் கேள்வி. சுவரில் மாட்டுகிற உலகப்படம் உருண்டையைக் கிழித்துத் தட்டையாக விரித்தது. வடக்கே போகப்போக அதில் எல்லாம் இழுபட்டிருக்கும். அதில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டால் குறுக்கு வழி கிடைக்காது.

எங்கள் பேட்டையில் வீட்டுக்கு ஒரு கால்பந்து இருக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி, அது வடதுருவம். நடுவே சுற்றிலும் ஒரு கோடு, நிலநடுக்கோடு. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே சென்னை. பந்தை ஏறக்குறைய அரைச் சுற்று திருப்பி, கோட்டுக்கும் உச்சிக்கும் நடுவில், பாதிக்குக் கொஞ்சம் கீழே சான்பிரான்சிஸ்கோ. இப்போது இரண்டு புள்ளியிலும் நூலைப் பிடித்து இறுக்கி இழுங்கள். நூல் எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். வகுப்பில் நான் பதிலை முன்கூட்டிச் சொல்வதில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன்.

மணிக்கூண்டு | 21 ஜூன், காலை 7:20

ஐயா, செய்து பார்த்துவிட்டேன். பையனின் பந்து, அம்மாவின் பூ நூல். காலையில் அம்மா கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். அவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். கட்டைவிரலைச் சென்னை மேல் அழுத்திக்கொண்டு அவரே இறுக்கினார். பந்தின் விலாவில் தளர்வாகக் கிடந்த நூல் இறுக இறுக மேலே ஏறியது. ஏறி ஏறி உச்சிப் புள்ளிக்குப் பக்கத்தில் போய் அசையாமல் நின்றது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப நான் பனிமலை மேலயா போறேன்?" என்று கேட்டார். நூலின் நுனி இரண்டு விரற்கடை மிச்சமாகத் தொங்கியது. பக்கவாட்டில் போனபோது அந்த அளவு போதவில்லை!

ராயபுரம் மாலுமி | 21 ஜூன், காலை 9:45

அந்த அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 31 வருடம் கப்பலில் வழி போட்டவன். இந்த நூல் எங்கள் தொழிலின் அடிப்படை. பெருவட்டப் பாதை என்போம். பூமியின் மையத்தைத் தொட்டபடி உருண்டையை இரண்டாக வெட்டினால் விளிம்பில் வரும் வட்டம் அது. இரண்டு ஊர்களுக்கு நடுவே அதைவிடக் குறைந்த தூரம் கிடையாது. யோகோஹாமாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குச் சரக்குக் கப்பல் போனாலும் நேர் கிழக்கே போகாமல் அலூசியன் தீவுகளை நோக்கி மேலே ஏறித்தான் இறங்கும்.

நாங்கள் கி.மீ. பேசுவதில்லை, கடல்மைல்தான். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. அட்சரேகையில் ஒரு பாகையை 60 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கடல்மைல். அதனால் இரண்டு ஊர்களுக்கும் பூமியின் மையத்தில் விழும் கோணம் தெரிந்தால் தூரம் கையில் வந்துவிடும். சென்னை வடக்கு 13 பாகை, கிழக்கு 80. சான்பிரான்சிஸ்கோ வடக்கு 37.6, மேற்கு 122.4. கோணம் 125 பாகைக்குக் கொஞ்சம் மேல். 60-ஆல் பெருக்கி, 1.852-ஆல் பெருக்குங்கள். 13,900 சொச்சம் வரும். தம்பி பார்த்த தளம் செய்ததும் இதையேதான். தப்பில்லாத கணக்கு.

அந்தக் கோடு எந்த வழியாகப் போகிறது தெரியுமா? சென்னையிலிருந்து வடகிழக்காக ஒடிசா, பிகார், நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கம், திபெத், சீனா, கிழக்கு சைபீரியா. அங்கே ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வடக்கு 69 பாகை வரை ஏறி, அலாஸ்கா மேலாக இறங்கிக் கலிபோர்னியா. காகிதத்தில் அருமையான வழி. ஆனால் சென்னையிலிருந்து அந்த வழியில் நேராகப் போகிற பயணிகள் விமானம் இல்லை. திபெத் மேலே பறப்பதை விமானங்கள் கூடுமானவரை தவிர்க்கின்றன. உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே சராசரியாக 14,000 அடிக்கு மேல். எங்கே இறங்குவது?

துபாய்க்கு வருகிறேன். இதைக் கணக்குப் போட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. துபாய் கிழக்கு 55.4 பாகை, சான்பிரான்சிஸ்கோ மேற்கு 122.4. கூட்டினால் 177.8. 180 வந்தால் இரண்டும் உருண்டையில் நேர் எதிர்ப்பக்க ரேகைகள். இரண்டு பாகைதான் குறைகிறது! அப்படியென்றால் குறுக்குவழி கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போக வேண்டும். போட்டுப் பார்த்தேன். துருவத்திலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளிப் போகிறது கோடு. தூரம் 13,040 கி.மீ. அன்றைய காற்று, அனுமதி எல்லாம் பார்த்து விமானி கொஞ்சம் விலகிப் போகலாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், பனிமலை இல்லை, பனிக்கடல். கீழே தரையே இருக்காது. உறைந்த கடல்தான். நான் இத்தனை வருடம் கடலில் இருந்தும் அந்தக் கடலைப் பார்த்ததில்லை.

எண்ணூர் அலை | 21 ஜூன், காலை 10:30

பூமி சுற்றும் கதையை நம்பி இருந்தேன், தெளிந்தது. வாத்தியாருக்கு நன்றி. மாலுமி ஐயா, துபாய் வழி மொத்தம் எவ்வளவு அதிகம்? ஹாங்காங் வழி குறைச்சல் இல்லையா?

ராயபுரம் மாலுமி | 21 ஜூன், காலை 11:10

பெருவட்டக் கணக்கில் சொல்கிறேன். துபாய் வழி 2,930 + 13,040, கிட்டத்தட்ட 15,970. ஹாங்காங் வழி 3,715 + 11,120, சுமார் 14,835. சிங்கப்பூர் வழி 2,925 + 13,590, சுமார் 16,500. லண்டன் வழி 8,230 + 8,640, சுமார் 16,870. தூரத்தில் ஹாங்காங்தான் குறைவு. நேர்கோட்டைவிட 900 கி.மீ. மட்டும் அதிகம்.

விம்கோ விஜி | 21 ஜூன், காலை 11:35

தூரம் குறைச்சல் என்று ஹாங்காங் வழி எடுத்து நான் பட்டது போதும். எங்கள் அம்மாவை 2019-இல் அப்படித்தான் கூட்டிப் போனேன். நடுவில் காத்திருப்பு 11 மணி நேரம். 70 வயதில், நாற்காலியில் உட்கார்ந்தபடி, கால் இரண்டும் வீங்கிவிட்டன. 1,100 கி.மீ. மிச்சம் பிடித்தால் விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் மிச்சம். அதை எடுத்துக்கொண்டு 11 மணி நேரத்தை நிலையத்தில் கொடுத்தோம். வயதானவர்களுக்கு டிக்கெட் போடும்போது கி.மீ.யைப் பார்க்கவே பார்க்காதீர்கள். காத்திருப்பு எத்தனை மணி நேரம், அது பகலா இரவா, அதை முதலில் பாருங்கள்.

பழைய வண்ணை | 21 ஜூன், பிற்பகல் 2:20

விமான நிலையத்தில் தரைப்பணியில் 14 வருடமாக இருக்கிறேன். உள்ளிருந்து சில விஷயங்கள்.

டிக்கெட்டில் போடுகிற நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் கிடையாது. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்துப் பின்னால் தள்ளுவதிலிருந்து, போய் நின்று மறுபடி கட்டை வைப்பது வரை. நாங்கள் பிளாக் டைம் என்போம். ஓடுபாதை வரை ஊர்வது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. அதனால் 900 கி.மீ. வேகத்தில் பறந்தாலும் சராசரி அந்த அளவு வராது. வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கைக்கணக்கு: தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். 13,040-க்கு 15:50 வரும், தம்பி டிக்கெட்டில் இருப்பதும் அதுதான். அந்தத் தளத்தின் 16:52-ம் இதே கணக்கில்தான் வருகிறது. பறக்காத விமானத்துக்கும் அது நேரம் சொல்லும்.

பாதை அரசியலையும் பொறுத்தது. 2022 பிப்ரவரிக்கு அப்புறம் ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யா மேலே பறக்க முடியாது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ 9 மணி நேரமாக இருந்தது 13 ஆகிவிட்டது. ஊர்கள் இரண்டும் நகரவில்லை, நடுவில் கதவு மூடிவிட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டி வந்தது. எந்த நாட்டு விமானம் என்பதே பயண நேரத்தை மாற்றும்.

துருவ வழி புதிதல்ல, பயப்பட வேண்டியதும் இல்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் விமானத்தைத் துருவத்தின் மேலாகத்தான் கொண்டுவந்தது. விமானிகள் அத்தனை பேரும் பெண்கள். அங்கே கவனிக்கிற முக்கியமான விஷயம் குளிர். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையலாம். தொட்டியின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், குறைந்தால் கொஞ்சம் கீழே இறங்கியோ வேகம் கூட்டியோ சரிசெய்வார்கள். ஜூலையில் அந்தக் கவலையும் குறைவு.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், டிக்கெட் போடும்போதே. நடக்க முடிந்தாலும் கேளுங்கள். கால் வலிக்காக மட்டும் அல்ல, மொழி தெரியாத நிலையத்தில் ஓர் ஆள் கூடவே வந்து அடுத்த வாயிலில் சேர்ப்பார். 2:20 காத்திருப்புக்கு அது மிகப் பெரிய உதவி. இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனி டிக்கெட்டாக இருந்து முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்குப் பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நிலையில் கண்ணீரோடு நின்ற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரம்பூர் லோகோ | 21 ஜூன், மாலை 6:05

எல்லோரும் மீனம்பாக்கத்திலிருந்து கணக்குப் போடுகிறீர்கள். அம்மா தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்புகிறார். அங்கிருந்து போடுங்கள்.

விமானம் புதன் அதிகாலை 3:40. நள்ளிரவில் மெட்ரோ கிடையாது. காரில் 12 மணிக்குக் கிளம்பலாம் என்றால், நம் பக்கம் இரவில்தான் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும். என் மச்சானை அனுப்பப் போனபோது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே 40 நிமிடம் அசையவில்லை. அதனால் நான் சொல்வது மெட்ரோ. விம்கோ நகர் தடம் 2021-இல் வந்த பிறகு தண்டையார்பேட்டையிலிருந்து மாறாமல் விமான நிலையம் வரை ஒரே வண்டி. சுமார் 50 நிமிடம். முந்தின இரவு 9:15-க்கு வீட்டை விட்டால் பத்தரைக்குள் போய்ச் சேரலாம். மூன்று மணி நேரம் முன்னாலேயே உள்ளே போகச் சொல்வார்கள், கொஞ்சம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அந்தப் பக்கம் 1:40-க்கு இறங்கினால் குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம் சேர்த்து ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஃப்ரீமாண்ட் வீடு மாலை 4:30 என்று வையுங்கள். நம் கடிகாரத்தில் அது வியாழன் காலை 5 மணி. செவ்வாய் இரவு 9:15-லிருந்து எண்ணினால் 31 மணி 45 நிமிடம். தளத்தின் 16:52-ம் முகவரின் 22:30-ம் அம்மாவுக்குப் பயன்படாது. 32 மணி நேரத்துக்கு உடம்பையும் மாத்திரையையும் தயார் செய்யுங்கள்.

மணிக்கூண்டு | 21 ஜூன், இரவு 8:30

அண்ணே, 32 மணி நேரம் என்று பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் தெரியாமல் அனுப்புவதைவிட இது மேல். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "வேளாங்கண்ணிக்கு ஒரு ராத்திரி. இது ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி" என்று விரல் விட்டு எண்ணினார். இரவு மாத்திரையை இருட்டியதும் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்வாராம்.

விம்கோ விஜி | 21 ஜூன், இரவு 9:15

தம்பி, அங்கேதான் சிக்கல். அந்த இரண்டாவது ராத்திரி வராது!

மாலுமி ஐயா சொன்ன வழியை நினைத்துப் பாருங்கள். துபாயில் காலை 8:50, வெயில். மேலே போனால் வடதுருவம். ஜூலையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. அந்தப் பக்கம் இறங்கினால் கலிபோர்னியாவில் மதியம். துபாய்க்கு இறங்கும் முன் விடிகிற சூரியன், ஃப்ரீமாண்டில் இரவு எட்டரைக்குத்தான் மறையும். எண்ணிப் பார்த்தேன், சுமார் 26 மணி நேரப் பகல். இருட்டியதும் மாத்திரை என்று காத்திருந்தால் அந்த வேளை தப்பிவிடும். சன்னல்களை மூடி விளக்கை அணைத்து இரவு மாதிரி ஆக்குவார்கள், அதை நம்பிப் போட்டாலும் நேரம் தவறிவிடும்.

நாங்கள் செய்தது இது. அம்மா கையில் சாதாரண முள் கடிகாரம், சென்னை நேரத்தில். வீடு சேரும் வரை அதைத் திருப்பவே கூடாது என்று சொல்லிவிட்டோம். உங்கள் அம்மாவுக்கு: புதன் காலை 8 மணி மாத்திரை, துபாயில் இறங்கும் நேரம். இரவு 9 மணி மாத்திரை, துபாயில் ஏறி 10 மணி 40 நிமிடம் கழித்து. வெளியே வெயில் அடிக்கும், பரவாயில்லை, கடிகாரம் 9 என்றால் 9. அடுத்த காலை 8 மணி மாத்திரை வரும்போது அங்கே புதன் மாலை 7:30, தங்கை வீட்டில் இரவுச் சாப்பாடு. இரண்டும் ஒரே மாத்திரை என்றீர்களே, வித்தியாசம் 12:30 என்பதால் காலை மாத்திரை அங்கே இரவு மாத்திரையாகிவிடுகிறது. அரை மணி நேரம்தான் நகர்கிறது.

இதை உங்கள் மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். இன்சுலின் போடுபவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. எந்த மருந்தானாலும் கைப்பையில் இருக்கட்டும், மருந்துச் சீட்டோடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், அதற்காகவே நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். இவ்வளவு நேரம் கால் அசையாமல் இருந்தால் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

வியாசை வாத்தியார் | 21 ஜூன், இரவு 9:50

26 மணி நேரப் பகல்! நாளை வகுப்பில் இதைத்தான் கேட்கப் போகிறேன், பந்தும் டார்ச் விளக்கும் வைத்து.

மணிக்கூண்டு | 24 ஜூன், இரவு 10:05

மருத்துவரிடம் காட்டினேன். விஜி அக்கா போட்ட நேரங்களையே வைத்துக்கொள்ளச் சொன்னார். சாப்பாட்டோடு போட வேண்டும், பையில் பிஸ்கட் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒரே பி.என்.ஆர்.தான். சக்கர நாற்காலி கேட்டாகிவிட்டது. ஓர இருக்கையும் எடுத்தாகிவிட்டது.

அப்பாவின் பழைய கைக்கடிகாரம் பெட்டியில் இருந்தது. வார் அறுந்திருந்தது. மாற்றி, சாவி கொடுத்து வைத்திருக்கிறேன்.

மணிக்கூண்டு | 18 ஜூலை, காலை 8:40

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் எல்லோருக்கும் கணக்கைச் சொல்ல வேண்டும், அதனால் குறித்து வைத்தேன்.

செவ்வாய் இரவு 9:10-க்கு வீட்டை விட்டோம். மெட்ரோவில் தண்டையார்பேட்டையிலிருந்து 50 நிமிடம், லோகோ அண்ணன் சொன்னபடியே. துபாயில் 10 நிமிடம் தாமதமாகக் கிளம்பி, சான்பிரான்சிஸ்கோவில் 1:25-க்கே வந்து நின்றுவிட்டது. 15 மணி 25 நிமிடம், டிக்கெட்டைவிட 25 நிமிடம் குறைவு. தங்கை வீட்டு வாசலில் கால் வைத்தது 3:55. வீட்டுக்கு வீடு 31 மணி 15 நிமிடம். சாப்பாடு மூன்று வேளை கொடுத்தார்களாம்.

மாலுமி ஐயா, இது உங்களுக்கு. அம்மா மாத்திரை போட எழுந்தபோது கடிகாரத்தில் சரியாக 9. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்களாம், உள்ளே ஒரே இருட்டு. தண்ணீர் கேட்கப் பின்பக்கம் நடந்து போயிருக்கிறார். பணிப்பெண் கதவில் இருக்கிற சின்ன சன்னலின் மூடியைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். "கண்ணைக் கூசுதுடா. கீழ முழுக்க வெள்ளை. நடு நடுல கறுப்பா விரிசல் விட்டிருக்கு, காஞ்சுபோன ஏரி மாதிரி. அந்த விரிசல்ல தண்ணி தெரியுது" என்றார். அந்த நேரத்தில் விமானம் எங்கே இருந்திருக்கும் ஐயா?

ராயபுரம் மாலுமி | 18 ஜூலை, காலை 10:20

துபாயில் ஏறிப் பத்தரை மணி நேரம் என்றால் துருவத்தைத் தாண்டி இறங்க ஆரம்பித்தாயிற்று. வடக்கு 76 பாகை பக்கம், கனடாவின் வடகோடித் தீவுகளுக்கு மேலே இருந்திருப்பார். ஜூலையில் அங்கே கடல் பனி உடையத் தொடங்கும். அம்மா பார்த்த கறுப்பு விரிசல் கடல்தான்.

திரும்பி வந்ததும் ஒரு நாள் ராயபுரம் கூட்டி வாருங்கள் தம்பி. அவர் வாயால் கேட்க வேண்டும்.